சால்மனுக்கு இருகைக் கோல்: சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் தூண்டில் பிடிக்கத் தெரியாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லயத்தில் வளர்ந்தவர்கள் மூங்கிலும் மண்புழுவுமாகத் தொடங்கினார்கள். பிறகு லாசா பக்கம் சுங்கை பெலூஸில் ஸ்பூன் வீசி செபாராவ் பிடித்தார்கள். இப்போது சிலர், இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியைக் கனமான லைனின் பலத்தால் வீசும் ஃப்ளை தூண்டிலுக்கும் வந்துவிட்டார்கள். அதே வீட்டுப் பிள்ளைகள் வான்கூவரிலும் டொரோண்டோவிலும் ஆக்லாந்திலும் வேலை செய்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற தாத்தாவுக்கு, அங்கே சால்மன் ஏறும் ஆறு பக்கத்தில் இருப்பதும் காதில் விழுகிறது. உடனே கேள்வி வந்துவிடும்: "எந்த இருகைக் கோல் வாங்கலாம்?"

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் காசு வீண். ஆறு எது, எந்த மாதம், அந்தத் தண்ணீரில் எந்த ஃப்ளை ஓடும், அந்த ஃப்ளையைத் தூக்கிப் போக எவ்வளவு கனமான லைன் வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால், எந்தக் கோல் என்பது கடைசியில் தானாகத் தெரிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் கோலை வாங்கியவர்களுடைய கோல்கள்தான் பழைய பொருள் சந்தையில் புத்தம் புதிதாக விற்பனைக்கு வருகின்றன.

ஒரு கையால் வீசும் சாதாரண ஃப்ளை கோலில் லைன் முழுவதும் முதுகுக்குப் பின்னால் பறந்துபோய்த் திரும்ப வேண்டும். பின்னால் மரமோ மேட்டுக் கரையோ இருந்தால் நடக்காது. ஸ்காட்லாந்தில் ஸ்பே ஆற்றங்கரை அப்படிப்பட்டது. அங்கே வளர்ந்த வீச்சுக்கு ஆற்றின் பெயரே நிலைத்துவிட்டது. ஸ்பே வீச்சில் லைன் முழுதாகப் பின்னால் போவதில்லை. நுனி தண்ணீரைத் தொட்டுப் பிடித்துக்கொள்ள, மீதி லைன் நம் பக்கத்தில் ஒரு வளைவாகத் தொங்கி, அங்கிருந்தே முன்னால் பாய்கிறது. தண்ணீரில் ஊன்றும் அந்த நுனியை ஆங்கர் என்பார்கள், தொங்கும் வளைவை டி லூப் என்பார்கள். நீளமான கோலும் இரண்டு கையும் சேர்வதால் கனமான லைனைக்கூட நாள் முழுக்கத் தோள் நோகாமல் வீசலாம். பெலூஸ் கரையில் முதுகுக்குப் பின்னால் காட்டை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

முதலில் ஆறும் மாதமும்

ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ டிரவுட். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் ஒரு பகுதி பிழைத்து மறுபடி கடலுக்குப் போகும். அட்லாண்டிக் சால்மனும் அப்படித்தான். ஆறு ஏறும் இந்த மீன்கள் பெரும்பாலும் இரை தேடுவதில்லை. நம் ஃப்ளையைக் கடிப்பது பசியால் அல்ல, எரிச்சலாலோ பழைய பழக்கத்தாலோ இருக்கலாம். அதனால் ஒவ்வொரு மீனின் முன்னாலும் ஃப்ளையை ஆற்றுக்குக் குறுக்கே மெதுவாக நீந்த விட்டு, இரண்டு எட்டு கீழே நகர்ந்து, திரும்பவும் வீச வேண்டும். இருகைக் கோலுக்கு உரிய வேலை இந்த ஸ்விங்தான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே ஸ்கீனா, அதன் கிளைகளான பல்க்லி, மோரிஸ், கிஸ்பியோக்ஸ், பாபீன் ஆகியவை கோடைகால ஸ்டீல்ஹெட்டுக்குப் பேர்போனவை. செப்டம்பரும் அக்டோபரும் நல்ல காலம். ஆனால் மகன் வான்கூவரில் இருக்கிறான் என்பதற்காக ஸ்கீனா பக்கத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். காரில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வான்கூவரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் இருப்பது சில்லிவாக்–வெடர் ஆறு. இலையுதிர் காலத்தில் கோஹோ சால்மன் ஏறும், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை குளிர்கால ஸ்டீல்ஹெட் ஏறும்.

டொரோண்டோவில் சொந்தக்காரர் இருந்தால் கதை வேறு. அங்கே ஸ்டீல்ஹெட்டும் சினூக் சால்மனும் கோஹோவும் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட மீன்கள். கடலுக்குப் பதில் பெரிய ஏரிகளில் வளர்ந்து கிரெடிட், கனராஸ்கா, சோகீன் போன்ற ஆறுகளில் ஏறுகின்றன. இந்த ஆறுகளில் பல சிறியவை. 15 அடிக் கோலோடு போனால் எதிர்க்கரை மரத்தில்தான் ஃப்ளை மாட்டும்.

நமக்குக் கிட்டத்தில் இருப்பது நியூசிலாந்து. டொங்காரிரோ ஆற்றில் ஏறுபவை டௌபோ ஏரியில் வளர்ந்த ரெயின்போ டிரவுட். கலிபோர்னியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்த ஸ்டீல்ஹெட் முட்டைகளின் வம்சம். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஏறும். கணுக்கால் உறையும் குளிரைத் தாங்க முடிந்தால், முதல் இருகைப் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்வது இந்த ஆற்றைத்தான். மீன் மிதமான அளவு, ஆறும் மிதமான அகலம், விமானக் கட்டணமும் கனடாவைப்போல் கழுத்தை நெரிக்காது.

தண்ணீரின் குளிரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கைந்து பாகை செல்சியஸில் மீன் அடியில் படுத்திருக்கும், ஃப்ளையைத் துரத்தி வராது. நாம்தான் ஃப்ளையை அதன் மூக்கருகே இறக்க வேண்டும். பத்துப் பாகைக்கு மேல் போனால் மேல்மட்டத்தில் ஓடும் சின்ன ஃப்ளைக்கும் எழும்பி வரும். லைன் தேர்வு முழுக்க இதில்தான் தொங்குகிறது.

எண் என்பது மீனின் கிலோ அல்ல

தூண்டில் கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி "அண்ணே, இது எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். இருகைக் கோலில் அந்தக் கேள்வியால் பயனில்லை. கோலில் எழுதியிருக்கும் எண், அது எவ்வளவு கனமான லைனை வீசும் என்பதைச் சொல்கிறது. அந்தக் கனத்தைக் கிரேன் கணக்கில் அளப்பார்கள். 15.4 கிரேன் ஒரு கிராம்.

பழைய தோட்டத்து ஆட்களுக்கு, இருபுறமும் பால் வாளி மாட்டித் தோளில் சுமந்த காண்டா கம்பு நினைவிருக்கும். வாளி காலியாக இருந்தால் கம்பு வளையாது, தோளில் முட்டிக்கொண்டே வரும். பால் அளவாக இருந்தால் நடைக்கு ஏற்றபடி கம்பு தானே துள்ளிச் சுமையைத் தூக்கிக் கொடுக்கும். அளவுக்கு மீறினால் வளைந்தது நிமிராது. கோலும் லைனும் இதே உறவுதான். லைன் இலகுவாகிவிட்டால் புதியவர் கைபலத்தைக் கூட்டுவார், கூட்டக் கூட்ட வீச்சு கெடும்.

ஒரு கைக் கோலில் 8 எண் என்றால் லைனின் முதல் 30 அடி 210 கிரேன், அதாவது 13.6 கிராம். இருகைக் கோலில் 7 எண்ணே சுமார் 500 கிரேனைத் தூக்கும், அது 32 கிராமுக்கு மேல். இரண்டு எண்ணும் ஒரே அளவுகோல் இல்லை. "தோமான் மீனுக்கு 8 எண் வைத்திருக்கிறேன், சால்மன் பெரியது, அப்ப 10 வாங்குறேன்" என்று கணக்குப் போட்டால், சினூக்குக்கும் பெரிய ஸ்காட்டிஷ் ஆறுகளுக்கும் உரிய ஒரு முரட்டுக் கோல் வீட்டுக்கு வந்து சேரும்.

ஒன்டாரியோவின் சிற்றாறுகள், டொங்காரிரோ, சின்ன ஃப்ளையோடு கோடைகால ஸ்டீல்ஹெட் ஆகியவற்றுக்கு 6 எண் போதும். ஸ்டீல்ஹெட்டுக்குப் பொதுவாக 7. குளிர்காலம், கனமான ஃப்ளை, ஆழமான தண்ணீர், எதிர்க்காற்று என்றால் 8. கோஹோவுக்கும் சம் சால்மனுக்கும் 8 பொருந்தும். 9, 10 சினூக்குக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 30 பவுண்டைத் தாண்டிய சினூக்குக்கு டையீ என்று தனிப் பெயரே உண்டு, அதை 7 எண் கோலில் மாட்டினால் மீனும் பாவம், கோலும் பாவம். சினூக் ஆசை ஒரு நாளுக்கு மட்டும் என்றால் அங்குள்ள வழிகாட்டியிடம் கோலை வாடகைக்குக் கேளுங்கள்.

ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்பவருக்கு என் பதில்: 13 அடி, 7 எண், நான்கு துண்டு. கடைப் பட்டியலில் 7130-4 என்று இருக்கும். முதல் இலக்கம் எண், அடுத்த இரண்டு அடி, நான்காவது அங்குலம், கோட்டுக்குப் பின்னால் துண்டுகள். 7136-4 என்றால் பதின்மூன்றரை அடி. எல்லா நிறுவனங்களும் இப்படி எழுதுவதில்லை, ஆனால் பல எழுதுகின்றன.

ஹெட்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இருகை லைன் இப்போது பெரும்பாலும் மூன்று பகுதியாக வருகிறது. வீசும் கனம் முழுவதும் முன்னால் உள்ள குட்டையான தடித்த ஹெட்டில். அதன் பின்னால் மெல்லிய ரன்னிங் லைன். அதற்கும் பின்னால் ரீலின் அடியில் பேக்கிங் என்னும் அடி நூல். ஹெட்டை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதால் ஒரு கோலே பல கோல்களின் வேலையைச் செய்யும்.

ஸ்காஜிட் ஹெட், வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் ஆற்றின் பெயரால் வந்தது. 20 முதல் 25 அடி, தடித்து மிதக்கும். முன்னால் தனியாக ஒரு சிங்க் டிப், அதாவது மூழ்கும் நுனித் துண்டு, மாட்ட வேண்டும். அந்த டிப்தான் ஃப்ளையைக் கீழே இறக்குகிறது. ஈயக் கண் வைத்த நாலங்குல ஃப்ளையைக்கூடத் தண்ணீரிலிருந்து பிடுங்கி எறியும் முரட்டுத்தனம் இதற்கு உண்டு. பின்னால் இடமே இல்லாத கரையிலும் வேலை செய்யும். 13 அடி 7 எண் கோலுக்கு 500 முதல் 550 கிரேன் வரையிலான ஸ்காஜிட் ஹெட் பொருந்தும். ஆனால் இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். கோலின் கைப்பிடிக்கு மேலேயோ நிறுவனத்தின் பட்டியலிலேயோ கிரேன் வரம்பு எழுதியிருக்கும், அதன் நடுவில் வாங்குங்கள். ஸ்காஜிட் ஹெட்டில் எழுதியிருக்கும் கனத்தில் டிப்பின் கனம் சேராது, அது தனி.

டிப்புகளின் பெயரே கணக்கைச் சொல்லிவிடும். டி-8 என்றால் அடிக்கு 8 கிரேன், டி-11 அடிக்கு 11, டி-14 அடிக்கு 14. பத்தடி டி-11 என்றால் 110 கிரேன். எண் கூடக் கூட வேகமாக மூழ்கும், தூக்குவதும் கடினம். 7 எண்ணுக்கு பத்தடி டி-8 ஒன்று, பத்தடி டி-11 ஒன்று, பத்தடி மிதக்கும் டிப் ஒன்று இருந்தால் முதல் பயணம் ஓடிவிடும். டி-14ஐ 8 எண்ணுக்கும் அதற்கு மேலும் விட்டுவிடுங்கள்.

சிங்க் டிப்புக்கு முன்னால் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நூலான லீடர் மூன்று முதல் ஐந்தடி போதும். ஆழத்தில் படுத்திருக்கும் மீனுக்காகக் கனமான டிப் மாட்டிவிட்டு முன்னால் பன்னிரண்டடி நைலான் கட்டினால் டிப் அடியில் போகும், ஃப்ளை மேலே மிதந்துகொண்டு வரும்.

ஸ்காண்டி ஹெட் வேறு குணம். 30 முதல் 40 அடி, முன்புறம் நீளமாக மெலிந்து போகும். ஹெட்டின் முன்னால் கோலின் நீளமோ அதற்குச் சற்று மேலோ உள்ள லீடர். மேல்மட்டத்தில் சின்ன ஃப்ளையைச் சத்தமில்லாமல் வைக்க இதைப்போல் வேறில்லை. ஸ்வீடனின் கோரன் ஆண்டர்ஷன் பரப்பிய, கீழ்க்கையை முக்கியமாகப் பயன்படுத்தும் வீச்சோடு சேர்ந்து வளர்ந்தது இது. அதே கோலுக்கு ஸ்காஜிட்டைவிட சில பத்துக் கிரேன் குறைவாக வாங்க வேண்டும். கனமான டிப்பையும் ஈயக் கண் ஃப்ளையையும் இதில் மாட்டக் கூடாது. தூக்காது, தலையில் வந்து அடிக்கும்.

ஐம்பது அறுபது அடிக்கு ஹெட்டே நீளும் லைன்களும் உண்டு. பார்க்க அழகு. புதியவர் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

குளிர்கால ஆறு என்றால் ஸ்காஜிட்டோடு தொடங்குங்கள், கோடைகால ஆறு என்றாலும் ஸ்காஜிட்டோடு தொடங்கலாம். மிதக்கும் டிப் மாட்டினால் சமாளிக்கும். அதன் வீச்சு மெதுவானது, ஆங்கர் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் இருக்கும், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க அவகாசம் கிடைக்கும். ஸ்காண்டி வீச்சுகளில் அந்த அவகாசம் இல்லை.

நீளம்

11 முதல் பதினொன்றரை அடி வரை உள்ளதை ஸ்விட்ச் கோல் என்று விற்கிறார்கள். ஒரு கையாலும் வீசலாம், இரண்டு கையாலும் வீசலாம் என்பது விளம்பரம். 7 எண் ஸ்விட்ச் கோலை ஒரு மணி நேரம் ஒரு கையால் வீசிப் பார்த்தவர் மறுபடி அப்படிச் செய்யமாட்டார். அதை ஒரு குட்டையான இருகைக் கோல் என்று எடுத்துக்கொண்டால் ஒன்டாரியோ ஆறுகளுக்கு நல்ல பொருள். ஆனால் பழகுவதற்கு எளிது என்று நினைத்து வாங்க வேண்டாம். கோல் குட்டையாக இருந்தால் ஆங்கர் ஓரடி தள்ளி விழுந்தாலும் வீச்சு கெட்டுவிடும். பன்னிரண்டரை முதல் பதின்மூன்றரை அடிக் கோல் அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும்.

14, 15 அடி அகலமான ஆறுகளுக்கு, இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்களுக்கு. ஆழமாக இறங்கி நிற்க நிற்க தண்ணீருக்கு மேலே கோல் குட்டையாகிவிடுகிறது. அதனால்தான் ஸ்காட்லாந்தில் நீளமானதை விரும்புகிறார்கள். ஆளின் உயரமும் கணக்கில் உண்டு. ஐந்தடி மூன்றங்குலம் இருப்பவர் 15 அடிக் கோலை மாலை வரை வீசினால் ராத்திரி சோற்றுத் தட்டைத் தூக்க முடியாது.

கோலின் வளைவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நுனி மட்டும் வளைந்தால் வேகமானது, அடிவரை வளைந்தால் மெதுவானது. புதியவருக்கு நடுத்தரம். அதில் லைனின் கனம் கைக்குத் தெரியும். கடையில் லைன் இல்லாமல் ஆட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

ரீல்

நீளமான கோலுக்கு ரீல் கொஞ்சம் கனமாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி கீழே இழுத்து மேல்கை சோர்ந்துவிடும். லைனெல்லாம் ஏற்றி, ஹெட்டை நுனி வளையத்துக்கு வெளியே விட்டு, மேல் கைப்பிடியில் உங்கள் மேல்கை பிடிக்கும் இடத்தை ஒரு விரல்மேல் வைத்துப் பாருங்கள். கோல் சமமாக நின்றால் ரீல் சரி. ஹெட், ரன்னிங் லைன், 30 பவுண்டு பேக்கிங் 150 முதல் 200 கஜம் வரை உள்ளே போக வேண்டும். ஒரு கை 8 எண் ரீலில் இது பெரும்பாலும் அடங்காது.

ரன்னிங் லைனில் நைலான் நன்றாகப் பறக்கும், ஆனால் குளிரில் சுருளும், ஈர விரலில் வழுக்கும். முதல் வருடம் பூச்சுள்ள ரன்னிங் லைனே வாங்குங்கள். சில அடி தூரம் குறையும், சிக்கெடுக்கும் நேரம் மிச்சமாகும்.

எங்கே வாங்குவது

நம் ஊர்த் தூண்டில் கடைகளில் ஊடாங் காலா ஜோரானும் ஸ்பின்னிங் ஜோரானும்தான் தொங்கும். இருகைக் கோலை இணையத்தில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். 2024 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. லைன், டிப் போன்ற சின்னப் பொருள்களுக்கும் இதைக் கணக்கில் சேருங்கள்.

பிள்ளையின் முகவரிக்கு அனுப்பி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். விலை குறையலாம். ஆனால் விமானத்திலிருந்து இறங்கி முதல் தடவை கோலைக் கையில் எடுத்து, மூன்று நாள் விடுமுறையில் வீச்சையும் பழகி மீனையும் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. பிள்ளை ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே ஆறு மாதம் பழகிவிட்டுத் திரும்ப எடுத்துப் போங்கள். கோலின் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவர் பெயருக்கு மட்டும்தான், அதனால் யார் பெயரில் பதிவு செய்வது என்பதை முன்பே பேசி முடியுங்கள்.

13 அடிக் கோல் நான்கு துண்டாகும்போது குழாய் ஒரு மீட்டரைத் தாண்டும். பயணப் பெட்டிக்குள் அடங்காது, தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆறு துண்டுப் பயணக் கோல்கள் பெட்டிக்குள்ளேயே போகும். அடிக்கடி பறப்பவர் அதைப் பார்க்கலாம். ரீலையும் ஹெட்டுகளையும் கைப்பையில் வையுங்கள், கொக்கிகளைப் பெட்டியில் போடுங்கள்.

இங்கேயே பழகுவது எப்படி

ஸ்பே வீச்சுக்குத் தண்ணீர் வேண்டும். நுனியைப் பிடித்து நிறுத்துவது தண்ணீர்தான். பள்ளித் திடலில் புல்மேல் வீசினால் ஆங்கர் வழுக்கிவிடும். பழைய ஈய லம்பக் குட்டை ஒன்று போதும், கிந்தா பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஓடும் தண்ணீர் இன்னும் நல்லது, ஏனென்றால் ஸ்விங் முடிந்ததும் லைன் நமக்குக் கீழ்ப்பக்கம் நேராகத் தொங்க வேண்டும். குட்டையில் அது நடக்காது, நாமே ரோல் வீச்சில் நேராக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். பெலூஸில் மழையில்லாத வாரங்களில் முட்டியளவு தண்ணீர் ஓடும் கல் படுகைகள் கிடைக்கும். மேலே மலையில் மழை பெய்தால் ஆறு நொடியில் ஏறும், தண்ணீர் கலங்கத் தொடங்கினால் கரையேறிவிடுங்கள்.

முதலில், லைனைப் பின்னால் எறியாமல் முன்னால் உருட்டிவிடும் ரோல் வீச்சு. பிறகு டபுள் ஸ்பே. பிறகு ஸ்னாப்-டி. ஸ்பே வீச்சின் இந்த இரண்டு வகையும் கைவசமானால் முதல் பயணத்துக்குப் போதும். எதை எப்போது என்பதைக் காற்று சொல்லும். காற்று ஆற்றோட்டத்தோடு கீழே வீசினால் ஆங்கர் உங்கள் கீழ்ப்பக்கத்தில் விழ வேண்டும், அப்போது டபுள் ஸ்பே. காற்று எதிரே மேல்நோக்கி வீசினால் ஆங்கர் மேல்பக்கத்தில், அப்போது ஸ்னாப்-டி. மாற்றிச் செய்தால் காற்று ஃப்ளையைக் கொண்டுவந்து உங்கள் காதில் மாட்டிவிடும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் பழகாதீர்கள், பழகும்போது கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுங்கள்.

மேல்கை தள்ளுவதைவிடக் கீழ்க்கை இழுப்பதில்தான் வீச்சு இருக்கிறது. நம் ஆட்கள் ஸ்பூன் எறிந்து பழகிய வலக்கையால் எல்லாவற்றையும் தள்ளப் பார்ப்பார்கள், பறக்கும் லைனின் வளைவு அகன்று லைன் முன்னால் குவிந்து விழும். கீழ்க்கையை வயிற்றுக்கு இழுங்கள், மேல்கை அச்சாக நிற்கட்டும். இடக்கையை மேலே வைத்தும் பழகுங்கள். அங்கே எந்தக் கரையில் நிற்கப் போகிறோம் என்பது நம் கையில் இல்லை.

நம் வெயிலைப் பற்றி ஒன்று. குளிர் ஆற்றுக்காகச் செய்த லைனின் பூச்சு நம் உச்சி வெயிலில் இளகிக் கையில் ஒட்டும், வளையத்தில் சரியாக ஓடாது. காலையில் பழகுங்கள், காருக்குள் விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகாதீர்கள். செபாராவுக்கு வாங்கிய வெப்பமண்டல லைனை மிச்சம் பிடிக்கிறேன் என்று கனடாவுக்கு எடுத்துப் போனால் அங்கே அது கம்பிச் சுருளாகிவிடும்.

ஸ்பே வீச்சு கோலை முறுக்குகிறது. முறுக்க முறுக்கத் துண்டுகள் இணையும் இடம் தளரும். தளர்ந்தது தெரியாமல் வீசினால் அந்த இடத்தில்தான் உடையும். இணைப்பில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துப் பொருத்தி, மேலே மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் டேப்பைப் பிரித்து, கார்க் கைப்பிடி நன்றாகக் காய்ந்த பிறகே குழாயில் போடுங்கள். நம் ஈரக் காற்றில் மூடி வைத்த கார்க் பூசணம் பூக்கும்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பதின்மூன்றடி கார்பன் கோலோடு தண்ணீரில் நிற்பவருக்கு, பிற்பகல் இடி முழக்கத்தில் விளையாட்டு வேண்டாம். முதல் முழக்கம் கேட்டதும் கோலைக் கீழே வையுங்கள். தோட்டத்துக்குள் போகும்போது பாதைக்கு மேலே போகும் மின்கம்பிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும் இடத்துச் சட்டம்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெளிநாட்டவருக்குத் தனி உரிமம், ஸ்டீல்ஹெட்டுக்குக் கூடுதல் கட்டணம், ஸ்கீனா கிளைகள் போன்ற வகைப்படுத்திய ஆறுகளுக்கு இன்னொரு உரிமம். ஆறுகளில் முள் இல்லாத ஒற்றைக் கொக்கிதான். காட்டு ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். முதுகின் பின்பக்கம் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணையில் பிறந்தது, முழுதாக இருந்தால் காட்டு மீன். தாம்சன் ஆற்று ஸ்டீல்ஹெட் மிகவும் குறைந்து, 2018இல் கனடாவின் நிபுணர் குழு அதை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. ஆகவே ஊரில் சொல்வதைப்போல் "ஒண்ணு மட்டும் எடுத்துக்கிறேன்" என்பது அங்கே எடுபடாது.

நியூசிலாந்தில் டௌபோ வட்டாரத்துக்கு உரிமம் தனி, நாட்டின் மற்ற பகுதிகளின் உரிமம் அங்கே செல்லாது. அடியில் கம்பளி ஒட்டிய ஆற்றுக் காலணிக்கு அங்கே தடை, டிடிமோ பாசி ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும் என்பதால். பெலூஸில் நனைந்த காலணி, வலை, லைன் எல்லாவற்றையும் கழுவி முழுக்கக் காயவைத்து எடுத்துப் போங்கள். விமான நிலையப் படிவத்தில் மீன்பிடிச் சாமான் இருப்பதாக எழுதிவிடுங்கள். ஸ்காட்லாந்து போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்துக்கு ஒதுக்கி வைக்கலாம், அன்றைக்கு அங்கே சால்மன் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.